கரி போடாத குடுவை

இந்தப் பொன்னாடையையும் பையையும் மடியில வச்சுக்கறேன், நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க சார். பரவாயில்ல, எனக்குக் காத்து வேண்டாம். காலையில ஒரு வைவாவுக்குப் போயிட்டு இந்த ரயில்ல ஊருக்குத் திரும்பறேன். அதான் இந்தப் பொன்னாடை, நினைவுப் பரிசு, சாத்துக்குடி எல்லாம். வைவான்னா, பிஎச்டி பண்ற பிள்ளைங்க கடைசியா சபையில நின்னு கேள்விக்குப் பதில் சொல்றது. வெளி யுனிவர்சிட்டிலேர்ந்து ஒரு பேராசிரியர் வந்து கேக்கணும். அந்த வெளியாள் இன்னிக்கு நான். எல்லாம் கேட்டு முடிச்சு, பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன்னு எழுந்து நின்னு சொன்னேன். முன் வரிசையில அந்தப் பையனோட அப்பா அழுதுட்டாரு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி நாப்பது பேரையாவது டாக்டராக்கியிருப்பேன். அதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க. நாளைக்கு எங்க டிபார்ட்மென்ட்ல, இந்தப் பெருமாள்சாமி ஒரு பொண்ணோட பட்டத்தைக் கெடுத்துட்டான்னுதான் பேசுவாங்க.

மணி என்ன சார்? நாலு மணி அஞ்சு நிமிஷமா. அஞ்சே முக்காலுக்கு எங்க ஆபீஸை மூடிருவாங்க.

அந்தப் பொண்ணு பேரு இசக்கியம்மாள். என்கிட்ட ஏழு வருஷமா பிஎச்டி பண்றா. நான்தான் அவளுக்கு கைடு. இன்னிக்கு அஞ்சே முக்காலுக்குள்ள அவளோட சினாப்சிஸ், அதாவது ஆராய்ச்சிச் சுருக்கம், ஆபீஸ்ல பிஎச்டி செக்‌ஷன்ல ஏறணும். ஏறலைன்னா ரிஜிஸ்ட்ரேஷன் ரத்து. ரெண்டு தடவை நீட்டிப்பு குடுத்தாச்சு, மூணாவது கிடையாது. ஏழு வருஷமும் போச்சு. சுருக்கத்துல நான் கையெழுத்து போட்டுட்டேன் சார். போன மாசமே போட்டுட்டேன். அதை எல்லாரும் வசதியா மறந்துடறாங்க.

நீங்க என்ன வேலையில இருந்தீங்க? பத்திரப் பதிவு ஆபீஸா! அப்ப உங்களுக்குப் புரியும். ஒரு கையெழுத்து போடறதுன்னா என்ன, போடாம இருக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க.

நம்ம பக்கத்துச் சீமைக் கருவேலம் இருக்கில்ல, எங்க பாத்தாலும் முளைச்சுக் கிடக்குமே, அதோட கரியை வச்சு நான் ஒரு வேலை பண்ணேன். மருந்து தயாரிக்கிறப்ப ரெண்டு மூலக்கூறைச் சேத்து ஒட்டணும். அது தானா ஒட்டாது. பலேடியம்னு ஒரு உலோகம் வேணும். தங்கத்தோட சேத்து வைக்க வேண்டிய சரக்கு. அது இல்லாம, வெறும் கருவேலங்கரியைப் போட்டே ஒட்ட வைக்கலாம்னு நான் கண்டுபிடிச்சேன். என் முதல் மாணவன் டேவிட் ஜெயசிங் அதுல டாக்டரானான், இப்ப ஒரு காலேஜ்ல பிரின்சிபால். அவனுக்கப்புறம் ரெண்டு பேர். மொத்தம் மூணு தீசிஸ், பதினோரு பேப்பர். பத்திரிகையில என் போட்டோவே வந்துச்சு, கையில ஒரு கருவேலங்கொப்பைக் குடுத்து நிக்க வச்சு எடுத்தாங்க. முள்ளு குத்திருச்சு, அது வேற விஷயம்.

ஒரு சீனாக்காரர் மட்டும் மெயில் போட்டாரு. நாங்களும் கரி போட்டுப் பாத்தோம், எங்களுக்கு வரலையேன்னு. உங்க மரம் வேற, எங்க மண்ணுல விளைஞ்ச மரம் வேறன்னு பதில் போட்டேன். அப்புறம் அவர் ஒண்ணும் கேக்கலை.

இப்ப ஒரு சின்ன சாமானைப் பத்திச் சொல்லணும். குடுவையில இருக்கிற மருந்தைக் கலக்கிக்கிட்டே இருக்கணும் சார். அதுக்குக் குடுவைக்குள்ள ஒரு காந்தத் துண்டு போடுவோம். வெள்ளையா, மாத்திரை சைஸ்ல இருக்கும், நாங்க பீடுன்னு சொல்லுவோம். அடியில இருக்கிற மெஷினைப் போட்டா உள்ள இது சுத்தும். என்கிட்ட ஒரு பீடு இருந்துச்சு. நான் பிஎச்டி பண்ணப்ப வச்சிருந்தது. அதை வச்சு அஞ்சு வருஷம் ராப்பகலா பலேடியத்துலதான் வேலை பாத்தேன். பட்டம் வாங்கினதும் என் கைடு அதை என் கையில குடுத்து, 'வச்சுக்கோப்பா, ராசியான பீடு'ன்னாரு. நானும் என் பிள்ளைங்களுக்கு அப்படியே செஞ்சேன். புதுசா சேர்ற பிள்ளைக்கு முதல் நாள் அந்த பீடை என் கையால எடுத்துக் குடுப்பேன். முடிச்சுட்டுப் போறவங்க அதை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைப்போம், அந்த பீடுக்கும் ஒரு பொட்டு உண்டு. சிரிக்காதீங்க சார். நாங்க சயின்ஸ் படிச்சவங்கதான். ஆனா ஒரு ரியாக்‌ஷன் ஆறு மாசம் வராம இருந்து பாருங்க, நீங்களும் பொட்டு வைப்பீங்க.

வைவால கேக்கற முதல் கேள்வி ஒண்ணு உண்டு. கரியினாலதான் நடந்துச்சுங்கறியே, கரி போடாம ஒரு தடவை ஓட்டிப் பாத்தியா? அதுக்கு பிளாங்க்னு பேரு. எங்க பிள்ளைங்க மூணு பேரும் பாத்தாங்க. கரி போடலைன்னா ஒண்ணுமே நடக்காது, சுத்தமா பூஜ்யம். ஆனா பாருங்க, பிளாங்க் ஓட்டறப்ப ராசியான பீடைப் போட மாட்டாங்க. ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்ச வெறும் குடுவைக்கு அதை எதுக்குப் போடணும்? அதுக்குக் கடையில வாங்கின சாதா பீடு. ராசியான பீடு நிஜ வேலைக்கு மட்டும். நான் அப்படிச் செய்யச் சொல்லலை சார். அவங்களா செஞ்சாங்க. நானும் அப்படித்தானே செஞ்சிருப்பேன், அது வேற.

இன்னிக்குக் காலையிலயும் அந்தப் பையன்கிட்ட அதைத்தான் கேட்டேன், பழக்க தோஷம். பிளாங்க் பாத்தியாப்பான்னு. அவன் என்னமோ பதில் சொன்னான். என் காதுல விழவே இல்ல. தலையை மட்டும் ஆட்டினேன்.

விருதுநகர் வந்துருச்சா? டீ வேணுமா சார்? எனக்கு வேண்டாம், நெஞ்சைக் கரிக்குது.

இசக்கி வந்தா. கெட்டிக்காரி, நான் இல்லைங்கலை. அம்மா அங்கன்வாடியில ஆயா. இவதான் அந்தக் குடும்பத்துல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ. ஆனா அவசரம். ஒரே நேரத்துல அஞ்சு குடுவை வச்சா அஞ்சு மடங்கு சீக்கிரம் முடியும்னு கணக்குப் போட்டா. வச்சா. ஒண்ணு ஓடுச்சு, நாலு ஓடலை. மறுபடி வச்சா. மறுபடி ஒண்ணு ஓடுச்சு, நாலு ஓடலை. ரெண்டு வருஷம் சார் இப்படி. திட்டினேன்னு சொல்றாங்க. திட்டவே இல்ல. திங்கட்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும், 'இசக்கிக்குக் கை சரியில்ல, கையில நிதானம் இல்ல'ன்னு சொன்னேன். அது திட்டா? உண்மையைத்தானே சொல்றோம். அவளும் அப்படித்தான் நம்பினா. கரியிலதான் கோளாறோன்னு தானே வெயில்ல போய்க் கருவேலம் வெட்டிட்டு வந்து சுட்டா. கையெல்லாம் கீறல். தராசை மாத்தினா, மேசையை மாத்தினா. பக்கத்து லேப் பிள்ளைகிட்ட, 'அக்கா, என் கையைப் புடிச்சுப் பாருங்க, நடுங்குதா?'ன்னு கேட்டிருக்கா. இதை அந்தப் பிள்ளை என்கிட்ட வந்து சொல்லிச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா கைடுன்னா மனசைக் கல்லாக்கிக்கணும்.

போன வருஷம் ஆடி மாசம், அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலோட வந்து அஞ்சு குடுவை வச்சிருக்கா. ஒரு குடுவையில கரி போட மறந்துட்டா. ராசியான பீடு கிடந்த குடுவை. சாயங்காலம் பாத்தா கரி எடை போட்ட தாள் அப்படியே மேசையில இருக்கு, தொடாம. குடுவைக்குள்ள தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. கொட்டிட்டுப் போயிருக்கலாம். யாரா இருந்தாலும் கொட்டியிருப்பாங்க. இவ அதை டெஸ்டுக்கு அனுப்பினா. தொண்ணூத்திரண்டு சதவீதம். கரியே இல்லாம தொண்ணூத்திரண்டு சதவீதம் ஒட்டிருச்சு சார்.

என் ரூமுக்கு வந்தா. முகம் வெளுத்துப்போய், 'சார், கரி போடலை சார். ஆனா வந்துருச்சு'ன்னா.

'போட்டிருப்ப, மறந்திருப்ப'ன்னேன்.

'இல்ல சார். தாள்ல அப்படியே இருக்கு. நான் எடுத்துட்டு வந்திருக்கேன்'னு மடிச்ச தாளைப் பிரிச்சு என் மேசையில வச்சா.

'காய்ச்சல்ல உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? போய் நோட்டுல கரி போட்டேன்னு எழுதிட்டுப் படு'ன்னேன். அக்கறையாத்தான் சொன்னேன். உடம்பு சரியில்லாத பிள்ளை.

எழுதலை. மறுநாள் வேணும்னே கரி போடாம, அதே பீடைப் போட்டு ஓட்டினா. வந்துச்சு. கரியைப் போட்டு வேற பீடு போட்டா. வரலை. அப்புறம் அந்த பீடோட மேல்தோல்ல ஒரு சீவலைச் சீவி வெளியூருக்கு அனுப்பினா, என்ன இருக்குன்னு பாக்க. பலேடியம். நான் அந்தக் காலத்துல வேலை பாத்த பலேடியம். பீடோட கீறல்ல போய் உக்காந்துக்கிட்டு, எத்தனை தடவை கழுவினாலும் போகாம, இத்தனை வருஷமா அதுதான் வேலை பாத்திருக்கு. கருவேலங்கரி ஒண்ணுமே பண்ணலை சார். சும்மா கிடந்திருக்கு.

எனக்கு அவமானமா இருந்துச்சு. இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். மூணு நாள் சாப்பாடு இறங்கலை. வீட்டுல என்ன ஏதுன்னு கேட்டாங்க, வயித்துக்கோளாறுன்னு சொல்லிட்டேன்.

அவளைக் கூப்பிட்டுப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இசக்கி, இது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல. உனக்கு அந்த பீடு இருக்கு, ரியாக்‌ஷன் வருது. அதை வச்சே முடி. பட்டத்தை வாங்கு. அப்புறம் சாவகாசமா பாத்துக்கலாம். நான் மே மாசம் ரிட்டயர் ஆறேன், பழைய பிள்ளைங்க எல்லாம் சேந்து விழா எடுக்கறாங்க. டேவிட்டுக்குக் குடும்பம் இருக்கு, பிரின்சிபால் வேலை இருக்கு. மத்த ரெண்டு பேருக்கும் பிள்ளை குட்டி இருக்கு. அவங்களை நடுத்தெருவுல நிறுத்தணுமா? இதையெல்லாம் சொன்னேன். தப்பா சார்?

அவ என்ன சொன்னா தெரியுமா? 'அவங்க பொய் சொல்லலையே சார். தெரியாம நடந்தது. தெரிஞ்சப்புறம் சொல்லலைன்னாதானே பொய்? நாம பண்ண தப்பை நாமளே சொல்லிட்டா யாரும் நம்மளை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்'ங்கறா. நாமளாம்! என்னையும் சேத்து நாம. நான் இவ பொறக்கறதுக்கு முன்னாடி பிஎச்டி வாங்கினவன்.

அதையே தீசிஸா எழுதிட்டா. எழுதட்டும்னு விட்டேன் பாருங்க, அதான் சொன்னேனே, சுருக்கத்துல கையெழுத்துகூடப் போட்டேன். தீசிஸை யாரு படிக்கப்போறா? நாலு காப்பி, நாலு அலமாரி. பேப்பர் அப்படி இல்ல சார். ஜர்னல்ல வந்துட்டா உலகமே பாக்கும். அந்தச் சீனாக்காரர் பாப்பாரு. ஆனா எங்க ரூல்படி ஒரு பேப்பராவது ஏத்துக்கிட்டதா கடிதம் இருந்தாதான் சுருக்கத்தை வாங்குவாங்க. இவ இதையே பேப்பரா எழுதி அனுப்பினா. பெரிய ஜர்னல். உடனே ஏத்துக்கிட்டாங்க. நல்லா எழுதியிருக்கா, அதுல சந்தேகம் இல்ல. நான் எழுதினதைவிட நல்லா எழுதியிருக்கா.

என் பேரைப் போட்டிருந்தா. எடுத்துடும்மான்னேன். 'கைடு பேரு இல்லாத பேப்பரை செக்‌ஷன்ல கணக்குல எடுக்க மாட்டாங்க சார்'னா. நெசம்தான். பசங்க முதுகுக்குப் பின்னாடி என்னத்தையாவது எழுதி அனுப்பிடறாங்கன்னு அந்த ரூலைக் கொண்டுவந்த கமிட்டியில நானும் இருந்தேன்.

இங்கதான் சிக்கல். ஜர்னல்காரங்க பேரு இருக்கிற எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்புவாங்க. இந்தக் கட்டுரை உங்களோடதுதானா, சம்மதமான்னு கேட்டு. கீழ ரெண்டு கட்டம். ஆமா, இல்ல. ஆமான்னு அழுத்தினா அடுத்த நிமிஷமே ஏத்துக்கிட்ட கடிதம் அவளுக்குப் போயிரும். இல்லைன்னு அழுத்தினா பேப்பர் செத்துரும். வந்து இருபத்தாறு நாள் ஆச்சு. தினமும் காலையில குளிச்சுட்டு வந்து திறந்து பாப்பேன். படிப்பேன். மூடிருவேன். எனக்கு அலுத்துப்போச்சு சார். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தன் சாவுச் செய்தியைத் தானே படிக்கிறது?

அவ வந்து நிப்பா, வாசல்கிட்ட. 'சார், அந்த மெயில்...' 'பாக்கறேம்மா.' அவ்வளவுதான். சண்டை கிடையாது, அழுகை கிடையாது. டிபார்ட்மென்ட்ல மத்தவங்கதான், சார் ஏன் இப்படிப் பண்றாரு, சார் ஏன் இப்படிப் பண்றாருன்னு. நான் என்ன பண்ணேன்? நான் ஒண்ணுமே பண்ணலையே!

இன்னிக்குக் கடைசி நாள்னு தெரிஞ்சுதான் வைவாவுக்குப் போனீங்களாங்கறீங்க. தெரியும். ஆனா ரெண்டு மாசம் முன்னாடியே ஒத்துக்கிட்டது சார், அந்தப் பையனோட பட்டம் என்னால தள்ளிப்போகலாமா? மத்தியானம் ஒரு மெசேஜ் போட்டிருந்தா. 'சார், செக்‌ஷன்ல நிக்கறேன். எல்லாம் கையில இருக்கு. கடிதம் மட்டும்தான் வரணும்.' பாத்தேன். பாத்தாச்சுன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கும், அந்த நீல டிக் விழுந்துரும்ல.

என்ன சார்? இங்கேர்ந்தே அழுத்தலாமே, போன்லயே வருமேங்கறீங்க. வரும். இதோ, இதான் அந்த மெயில். பாருங்க, ஆமா இந்தப் பக்கம், இல்ல அந்தப் பக்கம். சிக்னலும் இருக்கு. வேண்டாம், வேண்டாம், குடுங்க இப்படி, நீங்க தொடக் கூடாது சார். பத்திர ஆபீஸ்ல இருந்தவரு, அடுத்தவன் கையெழுத்தை நாம போடலாமா? யோசிச்சுத்தான் செய்யணும். பதினோரு பேப்பர் சார். டேவிட் முகத்துல எப்படி முழிப்பேன்? விழாவுக்குப் பத்திரிகைகூட அடிச்சாச்சு, சீமைக் கருவேலத்தின் வேதியியல் மேதைன்னு என்னமோ போட்டிருக்காங்க. நான் கேக்கலை, அவங்களா போட்டாங்க.

சாத்தூர் தாண்டியாச்சு. மணி அஞ்சு இருபதா? என் வாட்ச்ல இருபத்திரண்டு.

உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? ஒரே பொண்ணா. என்ன படிக்குது? அப்படியா.

நான் ஒண்ணு சொல்றேன், மனசுல படறதைச் சொல்றேன். அவ அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில வச்சா இல்ல, அப்ப எனக்கு முதல்ல ஒரு சந்தோஷம் வந்துச்சு சார். ஒரு விநாடி. அட, கண்டுபிடிச்சுட்டாளேன்னு. எனக்கு அவ வயசுல அந்தப் புத்தி இருந்ததில்ல. வாய் வரைக்கும் வந்துச்சு, பாராட்டணும்னு. அப்புறம்தான் இது யாரோட கரின்னு உறைச்சுச்சு. அந்த ஒரு விநாடியில நான் எதையாவது சொல்லியிருந்தா இத்தனை வராது. சொல்லலை. சரி, விடுங்க.

அஞ்சரை.

இல்ல சார், யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க என் கையையே பாக்காதீங்க, எனக்குப் பதட்டமா இருக்கு.

செக்‌ஷன் ஆபீசர் கறாரான ஆளு. ஒரு நிமிஷம்கூட விட மாட்டாரு. நான்தான் அப்படி இருக்கணும்னு ஒரு தடவை பாராட்டி எழுதிக்கூடக் குடுத்தேன்.

அஞ்சு நாப்பது. கோவில்பட்டியில நிக்குதுல்ல இது? கூட்டம் ஏறும்.

மணி என்ன? உங்க வாட்சைப் பாத்துச் சொல்லுங்க, என்னுது கொஞ்சம் வேகமா ஓடும். ஓ. ஆயிருச்சா. சரி. சரி, ஆயிருச்சு.

இருங்க, மெசேஜ். அவதான். படிக்கறேன் கேளுங்க: 'சார், ஆபீஸ் மூடிட்டாங்க. நாளைக்கு லேபுக்கு வரலாமா சார்?'

பாத்தீங்களா! ஒரு வார்த்தை குத்தலா இருக்கா? ஒரே மெசேஜ்ல ரெண்டு சார் போட்டிருக்கா. கோபம் இருந்தா ரெண்டு சார் போடுவாளா? டிபார்ட்மென்ட்ல என்ன வேணாலும் பேசிக்கட்டும், அவளுக்கு என்மேல வருத்தமே இல்ல. அவளுக்குத் தெரியும் சார், நான் இல்லைன்னு அழுத்தலைன்னு. இருபத்தாறு நாள்ல ஒரு தடவைகூட நான் அதை அழுத்தலை. வாம்மான்னு பதில் போடறேன். தாராளமா வான்னு போடறேன்.

என்ன சார், எழுந்துட்டீங்க? நாகர்கோவில் வரைக்கும்னுதானே சொன்னீங்க? அந்தப் பக்கம் ஏன் போறீங்க, அங்க உக்காரவே இடம் இல்லையே.